சாரத்தின் விலையில் சேராத கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

உலகமயமாதலைப் பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகத்தான் நிற்கிறார்கள். வெளிநாட்டுச் சாமான் வராவிட்டால் நாடு பின்னுக்குப் போய்விடும் என்பார்கள் ஒரு பக்கத்தார். எல்லாவற்றையும் நிற்பாட்டினால்தான் உள்ளூர்க்காரன் பிழைப்பான் என்பார்கள் மற்றப் பக்கத்தார். நான் இலங்கையின் கிழக்குக் கரையோரத்து மருதமுனைக்காரன். நெசவுக் குடும்பம். உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். இந்த இரண்டு வைத்தியத்தையும் எங்கள் ஊர்த் தறிகளின் மேல் செய்து பார்த்துவிட்டார்கள். 1977இல் இறக்குமதிக்குக் கதவைத் திறந்தார்கள், 2020இல் மூடினார்கள். இதனால் மருதமுனையிலோ நிந்தவூரிலோ ஒரு வீட்டின் சாப்பாடும் தண்ணீரும் பிள்ளையின் படிப்பும் என்னவாகும் என்று முன்கூட்டி உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர் இரண்டு தடவையும் இல்லை. அப்படிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, அதை எங்கள் கரையோரத்திலேயே தொடங்கலாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பில் உடுக்கிற சாரத்திலிருந்தே தொடங்குகிறேன். என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், வீட்டு விறாந்தையில் தறிகள் இருக்கின்றன. நெய்வது அவரும் அவருடைய மருமகளும், கணக்கு எழுதுவது நான். பருத்தி நூல் இந்தியாவிலிருந்து வருகிறது. கொழும்பில் இறங்கி, இரண்டு மூன்று கை மாறி, லொறியில் கல்முனைக்கு வந்து சேர்கிறது. சாயமும் அப்படித்தான். தறி மரம் உள்ளூர், நெய்கிற கை உள்ளூர், நாடாவை எறிந்து எறிந்து வருகிற தோள்வலியும் உள்ளூர். ஒரு சாரம் விற்ற காசில் பாதிக்கு மேல் நூலுக்கும் சாயத்துக்கும் போய்விடும். கடைக்காரர் தன் பங்கை எடுத்த பிறகு நெய்தவளுக்கு நிற்பதைப் பார்த்தால், இந்தத் தொழிலை உள்ளூர்க் கைத்தொழில் என்று மேடையில் புகழ்கிறவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம் வரும்.

2022 மார்ச்சில் ஒரு டொலர் 200 ரூபாவளவில் இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது. அந்த நாள்களில் நூல் கடையில் காலையில் ஒரு விலை, அஸர் தொழுகைக்குப் பிறகு வேறொரு விலை. நாட்டில் 13 மணித்தியாலம் மின்வெட்டு நடந்த நாளிலும் கைத்தறிக்கு ஒன்றும் ஆகாது, அதற்குக் கரண்ட் வேண்டியதில்லை. ஆனால் நூல் இல்லாமல் எந்தத் தறி ஓடும்? ராத்தா தறியில் ஓட்டி வைத்திருந்த பாவு நூல் முடிந்ததும் தறிக்குத் துணியைப் போட்டு மூடிவிட்டார். "தம்பி, கரண்ட் போனாலும் நெய்யலாம், டொலர் போனா நெய்யேலாது" என்றார். அவர் பொருளியல் படித்தவர் இல்லை.

எல்லா இறக்குமதியையும் நிற்பாட்டு என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நூலையும் சேர்த்தா நிற்பாட்டுவது? சரி, நூலை விட்டு நெய்த துணியை மட்டும் தடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போகிற மச்சான் ஒருவர் இருக்கிறார். இந்தியாவிலிருந்து வரும் மெஷின் சாரம்தான் உடுப்பார். எங்கள் வீட்டில் தறி ஓடும்போது இப்படிச் செய்யலாமா என்று பகிடியாகக் கேட்டேன். "உங்கட சாரம் நல்லந்தான் மச்சான். உப்புத் தண்ணிக்குள்ள நிண்டு வலை இழுக்கிறவனுக்கு என்னத்துக்கு அவ்வளவு விலையில சாரம்? மிஞ்சிற காசுக்குப் பிள்ளைக்குக் கொப்பி வாங்கலாம்." இதற்கு நான் என்ன பதில் சொல்ல? மலிவுச் சாரத்தால் அவர் வீட்டுக்கு வரும் நன்மையும் நன்மைதான். ராத்தாவின் நட்டத்தை எழுதுகிற கொப்பியில் மச்சானின் இலாபத்தையும் எழுதினால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

வாப்பா 1970க்கும் 77க்கும் இடைப்பட்ட காலத்தைப் பொற்காலம் என்பார். வெளிநாட்டுத் துணி கிடைப்பதே அரிது. நூல் கூட்டுறவுச் சங்கத்தால் கோட்டா முறையில் வரும். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம், நெய்தது எதுவும் வீட்டில் தங்காது. உம்மாவிடம் கேட்டால் அதே வருடங்களைப் பாண் கியூவாகவும் மரவள்ளிக்கிழங்காகவும்தான் சொல்லுவா. ஒரே வீட்டில் இரண்டு சரித்திரம். பிறகு ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தது. மில் துணி குவிந்தது. தறிகள் கழற்றிப் பரணில் ஏறின. நெய்தவர்களில் சிலர் புடைவைக் கடை வைத்தார்கள், சிலர் மத்திய கிழக்குக்குப் போனார்கள், சிலர் ஒன்றும் இல்லாமல் போனார்கள். யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் செய்தவர்களுக்கும் அந்தக் காலத்தில் இதே அடிதான்.

நாட்டுக்கு மொத்தத்தில் இலாபம் வந்தது, அதை மறுக்கவில்லை. பணக்கார நாடுகள் துணி இறக்குமதிக்கு நாட்டுக்கு நாடு இவ்வளவு என்று கோட்டா வைத்திருந்த காலம், அது 2004 கடைசி வரை இருந்தது. அந்தக் கோட்டாவில் இலங்கைக்குக் கிடைத்த பங்கை நம்பித்தான் இங்கே ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. 1992இல் பிரேமதாச 200 தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கினார். பல ஆயிரம் பெண்பிள்ளைகள் கையில் சம்பளம் கண்டார்கள். ஆனால் வகுப்பில் நான் படிப்பித்த ஒரு விதி எனக்கு எப்போதும் உறுத்தும். கல்டோர், ஹிக்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்களின் பேரால் வழங்குவது. இலாபம் பெற்றவர்கள் நட்டப்பட்டவர்களுக்கு ஈடு கொடுக்கக்கூடிய அளவுக்கு இலாபம் இருந்தால் அந்த மாற்றம் நல்லது என்பது அது. கொடுக்கக்கூடியதாக இருந்தால் போதும், கொடுத்தார்களா என்று அந்த விதி கேட்பதில்லை. பரீட்சையில் இதைச் சரியாக எழுதிய பிள்ளைகளுக்கு நானே முழுப் புள்ளி போட்டிருக்கிறேன். மருதமுனையில் பரணில் ஏறிய தறிகளுக்கு ஈடு எதுவும் வந்து சேர்ந்ததாக நான் அறியவில்லை.

அப்புறம் மூடிய கதவு. 2020க்குக் கொஞ்சம் முன்பே, 2019 டிசெம்பரில், மஞ்சள் இறக்குமதியை நிற்பாட்டினார்கள். கிலோ பல ஆயிரம் ரூபாவுக்கு ஏறி, மஞ்சள் இல்லாத ஆணம் எப்படியிருக்கும் என்று எல்லா வீட்டுக்கும் தெரிந்தது. மன்னார்க் கரையில் கடத்தல் மஞ்சள் பிடிபட்ட செய்திதான் பத்திரிகையில் ஓயாமல் வந்தது. உள்ளூர்ச் செய்கையாளருக்கு நன்மை என்றார்கள். நட்ட மஞ்சள் கிழங்காகி வர ஒன்பது பத்து மாதம் எடுக்கும் என்பதை யாராவது கணக்கில் வைத்தார்களா? 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. ஏப்ரலில் அறிவித்து, மே மாதம் வர்த்தமானியில் போட்டு, நவம்பரில் வாபஸ். அதனால் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் வயல்காரர் ஒரு போகத்தைத் தொலைத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் போடச் சொன்ன சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம், நல்லதுதான். ஆனால் ஒரு ஏக்கருக்கு எவ்வளவு வேண்டும், அதை யார் செய்வார், எந்த வண்டியில் வயலுக்கு வரும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தாலே, ஒரு போகத்துக்குள் முடியாத காரியம் என்று விளங்கியிருக்கும்.

அந்தத் தாளைத்தான் நான் கேட்கிறேன். அதற்கு முறையும் உண்டு. வாஸிலி லியொன்டீவ் என்ற பொருளியலாளர் அமைத்த உள்ளீட்டு வெளியீட்டு அட்டவணை அது. 1973இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது அதற்காகத்தான். ஒரு பொருளாதாரத்தில் உள்ள ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வரிசை, ஒரு நிரல். யார் யாரிடம் எவ்வளவு வாங்குகிறார், யாருக்கு எவ்வளவு விற்கிறார் என்று கட்டங்களில் எழுதுவது. எழுதி முடிந்ததும் ஒரு கட்டத்து எண்ணை மாற்றினால் மற்றக் கட்டங்கள் எப்படி அசைகின்றன என்று பார்க்கலாம். 1970இல் அவர் இன்னொன்று செய்தார். தொழிற்சாலை வெளியே விடும் அழுக்குக்கும் அட்டவணையில் ஒரு வரிசை போட்டார். நன்மை தீமை இரண்டையும் ஒரே தாளில் பார்க்க வழி அங்கே திறந்தது.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த என் மகளும் நானும் எங்கள் ஒழுங்கைக்கும் பக்கத்து ஒழுங்கைகளுக்கும் இப்படி ஒன்றைச் செய்து பார்த்தோம். முதலில் சதுரக்கோட்டுக் கொப்பியில், பிறகு அவளுடைய கணினியில். நூல் கடை, சாயக் கொட்டில், தறி வீடு, புடைவைக் கடை, மீன், வயல், அரச சம்பளம், வெளிநாட்டிலிருந்து வரும் காசு, இவை எல்லாம் மேலே. அடியில் ரூபா இல்லாத வரிசைகள். கிணற்றுத் தண்ணீரின் உப்பு. பெண்கள் வீட்டிலும் தறியிலும் சேர்த்து வேலை செய்யும் நேரம். தோள், முழங்கால், கண் வருத்தங்கள். கடன். வீட்டில் இருக்கவேண்டிய ஆள் வீட்டில் இல்லாத மாதங்கள். இந்த அடி வரிசைகளை ரூபாவாக மாற்றித் தரும் வித்தைகள் பொருளியலில் இருக்கின்றன. மகள் அப்படிச் செய்யலாம் என்றாள், நான் வேண்டாம் என்றேன். ரூபாவாக்கினால் பெரிய கடை ஒன்றின் இலாபம் பத்துக் கிணற்றின் உப்பைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். உப்பு உப்பாகவே தெரியட்டும்.

மச்சானைக் கூப்பிட்டு மீன் வரிசையை நிரப்பச் சொன்னோம். வருடத்துக்கு எவ்வளவு உழைப்பு என்று மகள் கேட்க அவர் சிரித்துவிட்டார். "வருஷக் கணக்கு வேணாம் மகள். நவம்பர்ல இருந்து ஜனவரி மட்டும் கடல் விடாது. அந்த மாசங்கள்ல கடன். அதை எழுதுங்க முதல்ல." வருடச் சராசரியில் அவர் வீட்டில் சோறு இருக்கிறது, டிசெம்பரில் இல்லை. ஆகவே அட்டவணையைப் போகத்துக்குப் போகம், காற்றுக்குக் காற்றுப் பிரித்து எழுதினோம். தேசியக் கணக்குகளில் இந்த டிசெம்பர் எந்த இடத்திலும் தெரியாது.

எழுதி முடித்துப் பார்த்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. தறி வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் கூலி ஊருக்குள்ளேயே பல கை மாறுகிறது. மீன்காரர், ஆப்பம் சுடுகிறவ, தையல்காரி, டியூஷன் வாத்தியார் என்று சுற்றிவிட்டுத்தான் வெளியே போகிறது. கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் வருகிற காசு அதைவிடப் பெரியது, ஆனால் தரை ஓடாகவும் சீமெந்தாகவும் போனாகவும் மோட்டார் சைக்கிளாகவும் அடுத்த லொறியிலேயே ஊரைவிட்டுப் போய்விடுகிறது. வெளிநாட்டுக் காசை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2022இல் நாட்டுக்கு அது 3.8 பில்லியன் டொலராக விழுந்தபோது என்ன பாடுபட்டோம்! 2024இல் அது 6.5 பில்லியனுக்கு மேல் ஏறியது, கடையில் மருந்தும் பெற்றோலும் கிடைக்க அது பெரிய உதவி. ஆனால் அந்தக் காசுக்கு ஒரு அடி வரிசை இருக்கிறது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக்கூடாது என்று 2013இல் அரசாங்கம் விதி வைத்து, குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது. தாய் இல்லாத வீட்டின் நட்டம் பெரியது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரி. ஆனால் ஊரில் அவளுக்கு வேறு உழைப்புக்கு வழி பண்ணாமல் கதவை மட்டும் மூடினால், அவள் கள்ள வழியில் போவாள். போனார்கள். தகப்பன்மார் போவதற்கு எந்த அறிக்கையும் கேட்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மற்றது உப்பு. பருத்திக்கு இப்போது போடுகிற ரியாக்டிவ் சாயம் நூலில் பிடிக்க உப்பு நிறையக் கொட்டவேண்டும். அப்படியும் ஒரு பங்கு சாயம் பிடிக்காமல் அலசுகிற தண்ணீரோடு போய்விடும். எங்கள் ஊர் மணல் நிலம். நல்ல தண்ணீர் மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கிறது, அதற்குக் கீழே கடலின் உப்புத் தண்ணீர். ஒரு ஒழுங்கையில் சாயக் கொட்டில் ஒன்றின் பின்பக்கம் மணல் மழைக்கு மழை நிறம் மாறும். பெருநாள் ஓடர் வந்தால் ஊதா, பிறகு பச்சை. அதற்கு இரண்டு வளவு தள்ளியிருக்கும் ஒரு ராத்தா என்னை இருக்கச் சொல்லித் தேத்தண்ணி தந்தார். "குடிச்சுப் பாருங்க சேர். சீனி போட்டும் கரிக்குது." கரித்தது. ஆனால் சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனையோ கிணறு உப்பாகித்தான் இருந்தது. கடல் எவ்வளவு, கொட்டில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, வருடா வருடம் அளந்து எழுதிய கணக்கு வேண்டும். அப்படி ஒன்றை யாரும் வைத்திருக்கவில்லை. அதனால் அந்த ராத்தா யாரிடமும் நியாயம் கேட்க முடியாமல் போத்தல் தண்ணீர் வாங்குகிறார்.

சுற்றுலாக் கடற்கரையான அறுகம்பைக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் எங்கள் துணியை விரும்பி வாங்குகிறார்கள், சந்தோசம். ஐரோப்பிய ஒன்றியம் உடம்புக்குக் கெடுதியான சில அசோ சாயங்களைத் துணியில் தடைசெய்திருக்கிறது, அதுவும் நல்லது. ஆனால் அந்தத் தடை பார்ப்பது அங்கே போய்ச் சேரும் துணியை. இங்கே மண்ணுக்குள் இறங்கிய தண்ணீரை அது பார்க்காது. அதைப் பார்க்கவேண்டியவர்கள் நாங்கள்தான். உலக வர்த்தகத்தில் நிபந்தனை வைப்பது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்திடமிருந்து 2017இல் இலங்கைக்குத் திரும்பக் கிடைத்த ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகைக்கு மனித உரிமை, தொழிலாளர், சூழல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச சமவாயங்கள் நிபந்தனையாக இருக்கின்றன. வாங்குகிறவன் நிபந்தனை வைக்கலாம் என்றால், விற்கிறவனும் கடன் எடுக்கிறவனும் ஏன் வைக்கக்கூடாது?

கடன் என்றதும் ஒலுவில் துறைமுகம் நினைவுக்கு வராமல் இராது. டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்தார்கள். திறப்பு விழாவைப் பார்க்கப் போன கூட்டத்தில் நானும் ஒருவன். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கரைவலை இழுக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார். அந்தப் பாதைக்குக் குறுக்கே அலைதடுப்புச் சுவர் நின்றது. தெற்கே மணல் சேர்ந்தது, துறைமுக வாயிலும் மணலால் அடைபட்டது, வடக்கே கடல் கரையைத் தின்றது. ஒலுவிலில் தொடங்கி நிந்தவூர்ப் பக்கம் வரை தென்னைகள் வேரோடு சரிந்தன. வள்ளம் இழுத்து வைக்கவும் வலை காயப்போடவும் இருந்த இடம் போயிற்று. பிறகு கல்லைக் கொட்டினார்கள், கொட்டிய கல்லுக்கு அப்பால் அரிப்பு நகர்ந்தது. துறைமுகத்துக்குள் கப்பல் வரவில்லை, மீன்பிடி வள்ளங்களும் வாய் அடைபட்டு நாள்கணக்கில் நின்றன. கடன் மட்டும் கடனாகவே இருந்தது.

இதில் யாரையும் திட்டுவது என் நோக்கமில்லை. அந்தத் திட்டத்தின் ரூபாக் கணக்கில் கப்பல்களும் டொன்களும் வேலைவாய்ப்பும் இருந்திருக்கும். வடக்குப் பக்கத்துக் கரைவலைக்காரருக்கு அதில் ஒரு வரிசை இருந்திருந்தால், மணலுக்கு ஒரு வரிசை இருந்திருந்தால், கேள்வி முதலிலேயே எழுந்திருக்கும். கட்டடம் கட்டுகிற ஒப்பந்தங்களில் ஒரு பங்கு காசை உடனே கொடுக்காமல் பிடித்து வைப்பார்கள். வெடிப்பு, ஒழுக்கு வந்தால் திருத்த. கடற்கரையில் செய்யும் எந்த வெளிநாட்டுத் திட்டத்துக்கும் அதே மாதிரி, பல வருடங்களுக்கு, கடன் கொடுத்தவரும் ஒப்பந்தக்காரரும் சேர்ந்து கட்டிய ஒரு தொகையை ஒதுக்கி வைக்கச் சொல்லலாம். கரை அரித்தால் அதிலிருந்து எடுப்பது. இந்த ஒரு நிபந்தனை இருந்திருந்தாலே வரைபடம் போட்டவர்கள் மணலை இன்னும் கவனமாகப் பார்த்திருப்பார்கள் என்பது என் எண்ணம். இன்றைக்குத் திருக்கோவிலிலும் வாகரையிலும் இல்மனைட் என்ற கனிம மணலைத் தோண்டுவது பற்றி மக்கள் கேட்பதும் இதே வகைக் கேள்விதான். மணல் பெயின்டாகி வேறு நாட்டுச் சுவரில் ஏறும், குழி இங்கே நிற்கும், அதற்கு எந்தக் கொப்பியில் வரிசை?

நலன்களை எண்ணுவது வெள்ளைக்கார ஆடம்பரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1990இல் ஐக்கிய நாடுகளின் மனித அபிவிருத்திச் சுட்டெண்ணை உருவாக்கியவர் பாகிஸ்தான்காரர் மஹ்பூப் உல் ஹக். அவருடன் சேர்ந்து யோசித்தவர் அமர்த்தியா சென். வருமானத்தோடு ஆயுளையும் படிப்பையும் சேர்த்து எண்ணியதும், வருமானம் குறைந்த இலங்கை எங்கேயோ மேலே நின்றது. இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் அந்த எண்ணில்தான் தெரிந்தன. எண்ணாவிட்டால் எங்களுக்கே எங்களைத் தெரிந்திராது.

இன்னொரு உதாரணம், இதற்கு நானே இன்னும் முடிவு சொல்ல முடியாமல் இருக்கிறேன். 2025ஆம் ஆண்டுக்குப் பாடசாலைச் சீருடைத் துணி முழுவதும் சீனாவின் அன்பளிப்பாக வந்தது. நெருக்கடிக்குப் பிறகு பிள்ளைக்கு வெள்ளைத் துணி வாங்க முடியாமல் தவித்த உம்மாமாருக்கு அது பெரிய உதவி, அட்டவணையில் அந்த வரிசை நன்றாக ஏறும். உள்நாட்டில் துணி செய்கிறவர்களின் வரிசை இறங்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேண்டாம் என்று சொல்லவும் மனம் வராது, எத்தனை வருடத்துக்கு இப்படி என்று கேட்காமல் இருக்கவும் முடியாது. அன்பளிப்பு ஒரு வருடம் நின்றால் அந்த வருடம் யார் நெய்வது?

ஒரே கடையை நம்பி இருப்பதன் பயத்தை ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் 2025இல் பார்த்துவிட்டார்கள். ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருள்களுக்கு 44 வீத வரி என்றது. ஓகஸ்டில் அது 20 ஆக இறங்கியது. அந்த இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்திருக்குமா? தூக்கத்துக்கும் ஒரு வரிசை போடலாம் என்று மகள் சொல்கிறாள். பகிடி இல்லை, போடலாம்.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். கல்முனை தொடக்கம் பொத்துவில் வரை ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் இப்படி ஒரு அட்டவணை வேண்டும். வீட்டு விபரம் கிராம உத்தியோகத்தரிடம் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் அளக்கலாம், உப்பை அளக்கும் கருவி பொக்கெற்றில் வைக்கிற அளவுதான். கணக்கைச் சேர்க்கப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ஒலுவிலிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆய்வுக்கு விடயம் தேடித் திரிகிற வேலையும் மிச்சம். முக்கியமாக, தமிழில் இருக்கவேண்டும், பிரதேச செயலக அறிவித்தல் பலகையில் தொங்கவேண்டும். மச்சானைப் போன்ற ஒருவர் வந்து பார்த்து "டிசெம்பர் எங்க?" என்று சண்டை பிடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். மாதிரிக் கணக்கு எதுவும் பொய் சொல்லக்கூடியதுதான். ஆனால் அதன் ஊகங்கள் வெளியே தெரிந்தால் பொய்யைப் பிடிக்கலாம். மூடிய அறையில் ஒருவர் மனதுக்குள் போடுகிற கணக்கை எப்படிப் பிடிப்பது?

எங்கள் சின்ன அட்டவணையிலேயே சில எண்களை மாற்றிப் பார்த்தோம். துணி இறக்குமதிக்கு வரியை ஏற்றிப் பார்த்தபோது ராத்தாவின் வரிசை கொஞ்சம்தான் ஏறியது, மச்சானின் வரிசை இறங்கியது. நூலை நெசவாளர்கள் சேர்ந்து கொழும்பில் நேரே வாங்குவதாக வைத்தபோது ராத்தா நன்றாக ஏறினார், மச்சானுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொட்டில்கள் எல்லாம் ஒரே இடத்தில் சாயமிட்டு, அலசும் தண்ணீரைச் சுத்திகரித்துவிட்டு வெளியே விடுவதாக வைத்தபோது சாரத்தின் விலை கொஞ்சம் கூடியது, உப்பு வரிசை பாதிக்கு மேல் இறங்கியது. கூடிய விலையை உள்ளூரில் யாரும் தரமாட்டார்கள். வெளிநாட்டில் வாங்குகிறவர் தருவார், துணியின் பின்னால் ஒரு பெயர் இருந்தால். இலங்கைக் கறுவா 2022இல் ஐரோப்பாவில் புவிசார் குறியீடு, அதாவது இந்த இடத்துப் பொருள் என்று காட்டும் சட்டப் பெயர், பெற்றது. மருதமுனைக் கைத்தறிக்கும் அதற்கு விண்ணப்பிக்க என்ன தடை? அந்தக் குறியீட்டின் விதியிலேயே சாயத் தண்ணீரைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்தால், ஏற்றுமதியே எங்கள் கிணற்றுக்குக் காவலாக நிற்கும். கதவைத் திறப்பதா மூடுவதா என்ற சண்டையில் இந்த வகை யோசனைகளுக்கு இடமே கிடைப்பதில்லை.

அட்டவணையின் பிரதியை இணைத்து, அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் பேச நேரம் கேட்டிருக்கிறேன். சாயக் கொட்டில்காரர் இருவர் தாங்கள் வாங்கும் உப்பின் கணக்கைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அது பெரிய விஷயம். நூல் வியாபாரிகள் மட்டும் கொள்விலையைச் சொல்ல மறுக்கிறார்கள். பரவாயில்லை, இறக்குமதிப் புள்ளிவிபரத்தைச் சுங்கத் திணைக்களம் வெளியிடுகிறது. அதிலிருந்து நூலின் இறக்குமதி விலையை எடுத்து அந்தக் கட்டத்தை மகள் நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
நெசவுக் குடும்பத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மருதமுனை.